கம்பைலர் மாறினால் கர்னலும் மாறும்: வாசகர் கேள்வி-பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பல ஒரே இடத்தைத்தான் சுற்றி வருகின்றன. லினக்ஸின் மையமான கர்னலில் ஏதோ ஒரு பகுதியை வேகப்படுத்தப் போகிறார்கள், தன் லேப்டாப்பில் அருமையாக ஓடுகிறது, இன்னொரு மெஷினில் பில்டே ஆகவில்லை, அல்லது பில்ட் ஆகி பூட் ஆகவில்லை. மொரீஷியஸில் எபேனில் வேலை பார்ப்பவர்களும் ரெதுய் பல்கலைக்கழக மாணவர்களும் மாயேபூர் பக்கத்தில் சொந்தமாகக் கருவி செய்பவர்களும் இதைத் தமிழில் எழுதிக் கேட்பது எனக்குப் பெரிய சந்தோஷம். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இந்த முறை பக்கம் முழுவதையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி (எபேன் வாசகர்): அண்ணா, எங்கள் நெட்வொர்க் டிரைவரில் ஒரு எண்ணின் கடைசி 1-பிட் எங்கே இருக்கிறது என்று தேடும் இடத்தில் டிஸெட்கவுன்ட் என்ற சிப் இன்ஸ்ட்ரக்ஷனை இன்லைன் அசெம்ப்ளியில், அதாவது சி கோடுக்குள்ளேயே, எழுதினேன். என் லேப்டாப்பில் ஓடுகிறது. ஒரு வாடிக்கையாளருக்காக மாற்றாமல் வைத்திருக்கும் பழைய பில்ட் மெஷினில் 'இப்படி ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் இல்லை' என்று எரர் வருகிறது. கூட வேலை பார்ப்பவர் அதை நேரடியாக பைட் எண்களாக எழுதிவிடச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: தம்பி, முதலில் அந்த எரரைச் சொன்னது யார் என்று பாருங்கள். சி கோடை மொழிபெயர்க்கும் கம்பைலரான ஜிசிசி இல்லை, அசெம்ப்ளி வரியைச் சிப்புக்கான பைட்டாக மாற்றும் அசெம்ப்ளர். இன்லைன் அசெம்ப்ளியில் மேற்கோள் குறிக்குள் நீங்கள் எழுதுவது என்னவென்று ஜிசிசிக்குத் தெரியாது. ரெஜிஸ்டர் (சிப்புக்குள் மதிப்பை வைக்கும் சிறு இடம்) பெயர்களை மட்டும் நிரப்பி அப்படியே அசெம்ப்ளரிடம் தள்ளிவிடுகிறது. அதனால் அந்த மெஷினில் ஜிசிசியை மட்டும் புதுசாக்கினால் ஒன்றும் நடக்காது, அசெம்ப்ளரும் லிங்கரும் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பு பழசாக இருக்கும் வரை இதே எரர்தான். கம்பைலர், அசெம்ப்ளர், லிங்கர் மூன்றுக்கும் வயது வேறு வேறு என்பதை எப்போதும் மனதில் வையுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

பைட்டாக எழுதச் சொன்னவர் தப்பாகச் சொல்லவில்லை, கர்னலே பல காலம் அதைச் செய்திருக்கிறது. யூசர் மெமரியைக் கர்னல் தவறித் தொடாமல் தடுக்கும் வசதிக்கான கிளாக் இன்ஸ்ட்ரக்ஷனை 0எஃப், 01, சிஏ என்று மூன்று பைட்டாகத்தான் எழுதி வைத்திருந்தார்கள். அது சரிப்பட்டது, ஏனென்றால் கிளாக்குக்கு ரெஜிஸ்டர் எதுவும் கிடையாது. பிட்களை எண்ணும் பாப்கவுன்ட்டையும் அதே மாதிரி எஃப்3, 48, 0எஃப், பி8, சி7 என்று எழுதினார்கள், இங்கேதான் விலை கொடுக்க வேண்டியிருந்தது. கடைசியில் நிற்கும் அந்த சி7 என்ற பைட்டுக்குள் 'உள்ளே வருவது ஆர்டிஐ, விடை போவது ஆர்ஏஎக்ஸ்' என்பது பதிந்துவிட்டது. கம்பைலர் வேறு நல்ல ரெஜிஸ்டரைத் தேர்ந்தெடுக்க வழியே இல்லை. மதிப்பு ஆர்பிஎக்ஸில் இருந்தால் அதை ஆர்டிஐக்கு நகர்த்தி, அங்கே ஏற்கெனவே இருந்ததை வேறெங்காவது ஒதுக்கி வைத்து, அப்புறம்தான் வேலை ஆரம்பம். ஒரு சைக்கிள் மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு மூன்று மூவ் இன்ஸ்ட்ரக்ஷன் கூடுதலாகிவிடும்.

உங்கள் டிஸெட்கவுன்ட்டுக்கு இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த வழி. பழைய பிஎஸ்எஃப் இன்ஸ்ட்ரக்ஷன் 0எஃப் பிசி. டிஸெட்கவுன்ட் என்பது அதற்கு முன்னால் எஃப்3 சேர்த்தது, அவ்வளவுதான். அந்த எஃப்3 அசெம்ப்ளருக்கு ரெப் என்ற பழைய முன்னொட்டு. ஆகவே 'ரெப், பிஎஸ்எஃப்' என்று எழுதினால் எவ்வளவு பழைய அசெம்ப்ளரும் முனகாமல் எடுத்துக்கொள்ளும், இன்டெல்லில் 2013 இன் ஹாஸ்வெல் தொடங்கி வந்த சிப்கள் அதை டிஸெட்கவுன்ட்டாக ஓட்டும், அதற்கு முந்தைய சிப்கள் முன்னொட்டைக் கண்டுகொள்ளாமல் பிஎஸ்எஃப்பாக ஓட்டும். கர்னலில் பிட் தேடும் ஃபங்ஷனுக்குள் இப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

ஆனால் இரண்டும் ஒன்றேதான் என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே 0 வந்தால் டிஸெட்கவுன்ட் 64 என்று விடை தரும், பிஎஸ்எஃப் என்ன தரும் என்பதற்கு இன்டெல்லின் பழைய கையேட்டில் உத்தரவாதம் இல்லை. கூப்பிடும் இடத்திலேயே 0 வராமல் பார்த்துக்கொண்டால்தான் இது செல்லும். இதே வேலையை மறுமுனையில், அதாவது மேலிருந்து தேடும் எல்ஸெட்கவுன்ட்டுக்குச் செய்ய நினைத்தால் தயவுசெய்து வேண்டாம். அதுவும் பிஎஸ்ஆர் முன்னால் எஃப்3 சேர்த்ததுதான், ஆனால் விடை தலைகீழ். 1 என்ற 64-பிட் எண்ணைக் கொடுத்தால் பிஎஸ்ஆர் 0 என்று சொல்லும், எல்ஸெட்கவுன்ட் 63 என்று சொல்லும். பழைய சிப்பில் எரரே வராமல் தப்பான விடை வரும், எத்தனை நாள் கழித்துத் தெரியுமோ யாருக்குத் தெரியும். அசெம்ப்ளருக்கு ஒரு இன்ஸ்ட்ரக்ஷன் தெரியுமா என்பது ஒரு கேள்வி, ஓடப் போகும் சிப்புக்குத் தெரியுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குக் கர்னல் தன்னிடமே ஆல்டர்நேட்டிவ் என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. பூட் ஆகும்போது சிப்பைப் பார்த்து இன்ஸ்ட்ரக்ஷனையே மாற்றி எழுதிவிடும்.

இதெல்லாம் சொன்ன பிறகு என் உண்மையான யோசனை: அசெம்ப்ளியே எழுதாதீர்கள். கர்னலில் ஏற்கெனவே இருக்கும் பிட் தேடும் ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள், அல்லது கம்பைலர் பில்ட்-இன் சிடிஸெட்டைப் பயன்படுத்துங்கள். சாதாரண எக்ஸ்86 (இன்டெல், ஏஎம்டி வகைச் சிப்) பில்டில் அதற்கு ஜிசிசி தானாகவே 'ரெப் பிஎஸ்எஃப்' தான் வெளியிடுகிறது! அதோடு, உள்ளே வருவது மாறிலி என்றால் கம்பைல் நேரத்திலேயே கணக்கை முடித்துவிடும். நீங்கள் மேற்கோள் குறிக்குள் எழுதிய அசெம்ப்ளிக்கு அந்த உதவி கிடைக்காது.

கேள்வி (ரெதுய் மாணவி): அண்ணா, ஜிசிசி எந்த வெர்ஷன் என்று பார்த்து அதற்கேற்ப வேகமான கோடையோ சாதாரணக் கோடையோ எடுத்துக்கொள்ளும்படி புராஜெக்டில் எழுதியிருந்தேன். வெர்ஷனைப் பார்க்காமல் வசதியைச் சோதித்துப் பார் என்கிறார் ஆசிரியர். இரண்டும் ஒன்றுதானே?

பதில்: ஒன்று இல்லை, தங்கச்சி, உங்கள் ஆசிரியர் சொல்வது பெரும்பாலும் சரி. கிளாங் என்ற இன்னொரு கம்பைலரை எடுத்துக்கொள்ளுங்கள், ஜிசிசி வெர்ஷனைக் கேட்டால் தன்னை 4.2 என்றுதான் சொல்லிக்கொள்ளும், எவ்வளவு புதிய கிளாங்காக இருந்தாலும். உங்கள் கோட் அதை நம்பி எல்லா வேகத்தையும் அணைத்துவிடும். லினக்ஸைத் தொகுத்து வெளியிடும் டிஸ்ட்ரோக்காரர்கள் பழைய வெர்ஷன் எண்ணிலேயே புதிய வசதியைப் பின்னால் சேர்த்து வைப்பதும் உண்டு. அதனால்தான் 2018 இல் கர்னல் 4.18 இலிருந்து எதை எப்படி பில்ட் செய்வது என்று சொல்லும் கான்ஃபிக் பாஷைக்குள்ளேயே சோதனைகள் வந்தன: இந்த ஃபிளாக் (கம்பைலருக்குக் கொடுக்கும் ஆப்ஷன்) கம்பைலருக்குத் தெரியுமா, இந்த இன்ஸ்ட்ரக்ஷன் அசெம்ப்ளருக்குத் தெரியுமா என்று ஒரு துளி கோடை நிஜமாகவே கம்பைல் செய்து பார்த்துவிட்டு ஆம் இல்லை என்று சொல்லும்.

அந்தச் சோதனையிலும் ஒரு குழி. 'டபிள்யூ-நோ' என்று தொடங்கும், எச்சரிக்கையை அணைக்கும் ஃபிளாக் எதைக் கொடுத்தாலும், தெரியாவிட்டாலும், ஜிசிசி பேசாமல் ஏற்றுக்கொள்ளும். அந்த ஃபைலில் வேறு எச்சரிக்கை வந்தால்தான் தெரியவில்லை என்று வாய் திறக்கும். எனவே 'நோ' இல்லாத வடிவத்தைச் சோதித்துவிட்டு, 'நோ' உள்ள வடிவத்தைப் பயன்படுத்துங்கள். கர்னலும் அப்படித்தான் செய்கிறது.

இனி வெர்ஷனையே பார்க்க வேண்டிய இடம். அசெம்ப்ளியிலிருந்து நேராக சி லேபிளுக்குத் தாவும் 'ஏஎஸ்எம் கோ-டு' என்ற வசதி ஜிசிசியில் 4.5 இலேயே வந்துவிட்டது, ஆனால் அதிலிருந்து விடையையும் வெளியே எடுக்கும் வசதி ஜிசிசி 11 இல்தான். யூசர் மெமரியைப் படிக்கும் கோடுக்கு இது நல்ல லாபம், ஒவ்வொரு முறையும் எரர் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை போய்விடுகிறது. 2024 இல் ஜிசிசி சில இடங்களில் இதைத் தப்பாக மொழிபெயர்க்கிறது என்று கர்னல் ஆட்கள் கண்டுபிடித்தார்கள். சோதனை கோட் கம்பைல் ஆகிவிடும், வசதி இருக்கிறது என்று சொல்லிவிடும், ஆனால் உருவாகும் கோட் தப்பு. இப்படிப்பட்ட பிழையைக் கம்பைல் செய்து பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் கர்னல் கான்ஃபிக்கில் 11.5க்கு முந்தையவை, 12 வரிசையில் 12.4க்கு முந்தையவை, 13 வரிசையில் 13.3க்கு முந்தையவை என்று எண்ணைச் சொல்லியே அணைத்தார்கள். வசதி இருக்கிறதா என்பதைச் சோதித்துப் பாருங்கள், பிழை இருக்கிறதா என்பதை வெர்ஷன் எண்ணால் பாருங்கள்.

சாதாரண சி வடிவத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அழித்துவிடாதீர்கள். கர்னல் கேட்கும் குறைந்தபட்ச ஜிசிசி ஒரு காலத்தில் 3.2, 2018 இல் 4.6, 2021 இன் 5.15 கர்னலில் 5.1, 2025 இன் 6.16 இல் 8.1. இப்படி மெதுவாகத்தான் ஏறுகிறது. அந்தக் குறைந்தபட்ச எண் ஏறும் வரை பழைய வழி வேண்டும்.

கேள்வி (ரோஸ் ஹில் வாசகர்): கம்பைலரின் ஆப்டிமைசேஷன் அளவைக் கூட்டி, கர்னலை ஓ3 போட்டுப் பில்ட் செய்தால் வேகம் கூடுமா? மேக்ஃபைலில் 'எஃப்-நோ' என்று தொடங்கும் ஃபிளாக்குகள் நிறைய இருக்கின்றன, அவை வேகத்தைத் தடுக்கின்றனவே, எடுத்துவிடலாமா?

பதில்: ஓ3 வேண்டாம். கர்னல் ஓ2வில்தான் எல்லோராலும் சோதிக்கப்படுகிறது, லினஸ் டோர்வால்ட்ஸும் ஓ3க்கு எதிராகவே பேசி வந்திருக்கிறார். கோட் பெருத்து, சிப்புக்குள் இருக்கும் சின்ன வேக மெமரியான இன்ஸ்ட்ரக்ஷன் கேஷை அடைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கும்.

அந்த 'எஃப்-நோ'க்களைத் தொடவே தொடாதீர்கள். ஒன்றைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2009 இல் டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் ஒரு பாயின்டரின் உள்ளேயிருந்து ஒரு மதிப்பை எடுத்துவிட்டு, அடுத்த வரியில்தான் 'பாயின்டர் காலியா' என்று பார்த்திருந்தார்கள். ஜிசிசி யோசித்தது: ஏற்கெனவே உள்ளே போய்விட்டாய், அப்படியென்றால் அது காலியாக இருக்க முடியாது, ஆகவே இந்தச் சோதனை வீண். சோதனையையே தூக்கிவிட்டது. சி மொழி விதிப்படி அது செய்தது சரி. ஆனால் கர்னலில் 0 என்ற முகவரியிலும் ஒருவர் மெமரியை வைத்துவிட முடிந்தது, அதை வைத்து மெஷின் முழுவதையும் ஆளும் ரூட் அதிகாரத்தைப் பிடித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகுதான் காலி பாயின்டர் சோதனைகளை நீக்காதே என்ற ஃபிளாக் மேக்ஃபைலில் ஏறியது. மூலக் கோடில் அந்தச் சோதனை கண் முன்னே இருக்கும், கம்பைல் ஆகி வரும் ஆப்ஜெக்ட் ஃபைலில் இருக்காது. மூலத்தை மட்டும் படித்துப் பாதுகாப்பை உறுதி செய்ய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான ஆதாரம் எனக்குத் தெரியாது.

இந்த மெஷினுக்கே ஏற்றபடி பில்ட் செய்யும் நேட்டிவ் ஆப்ஷன் 6.16 இலிருந்து எக்ஸ்86 கான்ஃபிக்கிலேயே இருக்கிறது. பில்ட் செய்யும் மெஷினும் ஓடும் மெஷினும் ஒன்றே என்றால் போடுங்கள், வேறு என்றால் வேண்டாம்.

கேள்வி (மாயேபூர் வாசகர்): ஐயா, மீன்பிடிப் படகுகளுக்கு இடம் காட்டும் ஒரு சிறு கருவி செய்கிறேன். போர்டு விற்றவர்கள் கொடுத்தது 4.9 கர்னல். புது லேப்டாப்பில் பில்ட் செய்தால் 'ஒய்ஒய்லாக் பல இடங்களில் வரையறுக்கப்பட்டுள்ளது' என்று லிங்கர் நிறுத்திவிடுகிறது. பழைய ஏஆர்எம் கிராஸ் கம்பைலர் இறக்கிப் போட்டும் அதே எரர். இதைத் தாண்டினால்தான் இன்டரப்ட் பகுதியைக் கொஞ்சம் வேகப்படுத்த முடியும்.

பதில்: உங்கள் வேலை படகில் போகிறவர்களின் உயிரோடு சம்பந்தப்பட்டது, அதனால் நிதானமாகவே சொல்கிறேன். கிராஸ் கம்பைலரை மாற்றியும் எரர் போகாததற்குக் காரணம், ஒய்ஒய்லாக் இருக்கும் அந்த ஃபைல் போர்டுக்காகக் கம்பைல் ஆவதே இல்லை. அது போர்டின் வன்பொருள் விவரத்தை மாற்றித் தரும் டிவைஸ் ட்ரீ கம்பைலரின் (டிடிசி) ஃபைல், உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும் ஒரு சிறு கருவி, அதை பில்ட் செய்வது லேப்டாப்பின் சொந்த ஜிசிசி. கர்னல் பில்டில் எப்போதும் இரண்டு கம்பைலர் உண்டு, லேப்டாப்புக்கான ஹோஸ்ட் ஒன்று, போர்டுக்கான டார்கெட் ஒன்று (அதுதான் கிராஸ் கம்பைலர்). நீங்கள் இரண்டாவதை மாற்றினீர்கள், கோளாறு முதலாவதில்.

2020 இல் ஜிசிசி 10 வரும் வரை, ஒரே பெயரில் மதிப்பு கொடுக்காத குளோபல் மாறி இரண்டு ஃபைலில் இருந்தால் லிங்கர் இரண்டையும் ஒன்றாக்கிவிடும். 10 இலிருந்து அந்தச் சலுகை தானாகக் கிடைப்பதில்லை. டிடிசி லெக்ஸர் ஃபைலில் ஒய்ஒய்லாக் என்று அறிவிக்கும் அந்த ஒரு வரிக்கு முன் 'எக்ஸ்டர்ன்' போடுங்கள், முடிந்தது. மெயின் கர்னலில் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

அப்புறம் கிராஸ் கம்பைலர். கர்னல் டாட் ஆர்க் தளத்திலேயே கிராஸ்டூல் என்ற பகுதியில் ஜிசிசி 4.9 வரிசையிலிருந்து புதியவை வரை தயார் நிலையில் கிடைக்கின்றன. உங்கள் 4.9 கர்னலை அந்தக் காலத்தில் எதில் சோதித்தார்களோ அதற்கு நெருக்கமான ஒன்றை எடுத்து, முதலில் ஒரு வரியும் மாற்றாமல் பில்ட் செய்து போர்டில் ஓட்டி அளந்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பைலரையும் கோடையும் ஒரே நாளில் மாற்றினால், வேகம் எதனால் கூடியது, எதனால் உறைந்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. அந்தக் கம்பைலரின் டார் ஃபைலை மூலக் கோடோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருடம் டிஸ்ட்ரோ தானாகவே புதிய ஜிசிசியைக் கொண்டுவந்து வைத்துவிடும்.

கேள்வி (வக்வா மாணவர்): சொந்தமாக ஒரு சின்ன கர்னல் எழுதுகிறேன் அண்ணா. மெமரியை ஒரே மதிப்பால் நிரப்பும் மெம்செட் ஃபங்ஷனை ஒரு லூப்பாக எழுதினேன். ஓ0வில் ஓடுகிறது, ஓ2வில் பூட் ஆகும்போதே உறைந்துவிடுகிறது. இன்டரப்ட் வரும்போது லோக்கல் மாறிகளும் சில சமயம் தாறுமாறாகின்றன.

பதில்: தம்பி, கம்பைல் ஆனதை அசெம்ப்ளியாகக் காட்டும் ஆப்ஜெக்ட்டம்ப் போட்டு அந்த ஃபங்ஷனைப் பாருங்கள். மெம்செட்டுக்குள் மெம்செட்டையே கூப்பிடும் வரி இருக்கும். பைட் பைட்டாக நிரப்பும் லூப்பைக் கண்டதும், 'ஓ, இது மெம்செட் வேலை' என்று கம்பைலர் அதையே கூப்பிட்டுவிடுகிறது, கூப்பிடப்படுவதும் அதுவேதான், ஸ்டாக் தீரும் வரை. சி லைப்ரரியை நம்பாதே என்று சொல்லும் ஃப்ரீஸ்டாண்டிங் ஃபிளாக் போட்டாலும் மெம்காப்பி, மெம்மூவ், மெம்செட், மெம்காம்ப் நான்கும் இருக்கும் என்றே ஜிசிசி எடுத்துக்கொள்கிறது. அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ் என்ற ஆப்டிமைசேஷனை அணையுங்கள், அல்லது 'ரெப் ஸ்டாஸ்பி' என்று அசெம்ப்ளியில் எழுதிவிடுங்கள்.

இரண்டாவது கோளாறு ரெட் ஸோன். லினக்ஸுக்கான 64-பிட் ஜிசிசி, ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே 128 பைட்டை யாரும் தொடமாட்டார்கள் என்று நம்பி அங்கே லோக்கல் மாறிகளை வைக்கும். யூசர் புரோகிராமில் அது உண்மை. கர்னலுக்குள் இன்டரப்ட் வந்தால் சிப் அதே ஸ்டாக்கில், அதே இடத்தில் தன் தகவலைத் தள்ளிவிடும். 'நோ ரெட் ஸோன்' ஃபிளாக் எல்லா ஃபைலுக்கும் போகிறதா என்று பாருங்கள். மெயின் மேக்ஃபைலில் போட்டது எல்லா டைரக்டரிக்கும் போய்ச் சேரும் என்று நம்ப வேண்டாம். 2025 இல் ஜிசிசி 15 வந்து, சி மொழியின் புதிய தரமான சி23 வழக்கமாகி, 'ஃபால்ஸ்' என்பது மொழியின் சொந்தச் சொல்லானபோது, லினக்ஸ் கர்னலிலேயே எக்ஸ்86 பூட் டைரக்டரி தடுக்கி விழுந்தது. மற்ற இடங்களுக்கு சி11 என்று சொல்லியிருந்த ஃபிளாக் அந்த டைரக்டரிக்குப் போகவில்லை.

கேள்வி (சேன் தெனி, ரீயூனியன் வாசகர்): எங்கள் சர்வர்களின் கர்னலைக் கிளாங்கால், எல்டிஓ (லிங்க் செய்யும் நேரத்தில் மொத்தக் கோடையும் சேர்த்து வேகப்படுத்துவது) போட்டுப் பில்ட் செய்திருக்கிறார்கள். கர்னலில் ஏற்றும் என் மாட்யூலை ஜிசிசியில் செய்தால் தெரியாத ஃபிளாக் என்று நிற்கிறது. ஃபிளாக்கை எடுத்துவிட்டு ஏற்றலாமா?

பதில்: ஏற்ற வேண்டாம். அந்த ஃபிளாக் ஸ்டாக்கை எட்டு பைட்டுக்கு ஒழுங்குபடுத்தச் சொல்வதாக இருக்கக்கூடும். கிளாங்குக்கு அதை 8 என்று சொல்ல வேண்டும், ஜிசிசிக்கு வேறு பெயரில், 2 இன் அடுக்காக, 3 என்று சொல்ல வேண்டும். அர்த்தம் ஒன்றுதான், ஆனால் கர்னலின் கான்ஃபிக்கில் கிளாங் என்று பதிந்திருப்பதால் கிளாங் பாஷையிலேயே மேக்ஃபைல் பேசுகிறது. அந்த ஒன்றை எடுத்தால் அடுத்தது நிற்கும், ஸ்பெக்டர் என்ற சிப் பாதுகாப்புக் குறையைத் தடுக்கும் ரெட்போலின் ஃபிளாக்கும் இரண்டிலும் வேறு வேறு. கடைசியில் பாதுகாப்பு இல்லாத ஒரு மாட்யூல்தான் கையில் மிஞ்சும்.

கிளாங் எல்டிஓ கர்னலில் 5.12 இல், 2021 இல் வந்தது. ப்ரொஃபைலை வைத்து வேகப்படுத்தும் ஆட்டோஎஃப்டிஓ 6.13 இல். இரண்டும் கிளாங்குக்குத்தான், அதனால் உங்கள் ஆட்கள் அதைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருக்கிறது. ப்ராக் டைரக்டரியில் வெர்ஷன் ஃபைலைத் திறந்தால் கர்னலை பில்ட் செய்த கிளாங் எது, லிங்கர் எது என்று முதல் வரியிலேயே இருக்கும். அதே கிளாங்கை இறக்கி, மேக் கட்டளையில் 'எல்எல்விஎம்=1' என்று கொடுத்து மாட்யூலைப் பில்ட் செய்யுங்கள். உங்கள் கோடில் இன்லைன் அசெம்ப்ளி இருந்தால் இப்போது அதைப் படிக்கப் போவது பின்யூட்டில்ஸ் அசெம்ப்ளர் இல்லை, கிளாங்கின் உள்ளேயே இருக்கும் அசெம்ப்ளர். ஜிஎன்யு அசெம்ப்ளர் கண்டும் காணாமல் விட்ட சில எழுத்துமுறைகளை அது விடாது. அங்கே நின்றால் அந்த வரியை எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் பார்க்கலாம்.